மூச்சு வாங்கும் மடி

சென்ற ஞாயிற்றுக்கிழமை தீர்த்தமலை ஏறினேன். அடிவாரத்திலிருந்து, படிப்படியாக, என் சொந்தக் கால்களால்! என்னை நேரில் பார்த்திருக்கும் தருமபுரி வாசகர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். சிரியுங்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் நானே சிரித்திருப்பேன்.

எல்லாம் ஒரு போன் காலில் ஆரம்பித்தது.

பேரன் கதிருக்கு ஒன்றேகால் வயது. தீர்த்தமலைக் கோயிலில் மொட்டை போடுவதாக வேண்டுதல். மொட்டைக்குக் குழந்தை உட்கார வேண்டியது தாய்மாமன் மடியில். தாய்மாமன், அதாவது என் மகன், மஸ்கட்டில் இருக்கிறான். லீவு கிடைக்கவில்லை. மாமன் இல்லாவிட்டால் அம்மாவைப் பெற்ற தாத்தா. எங்கள் பக்கத்து வழக்கம் அதுதான். சந்தேகத்துக்கே இடமில்லாத விதி.

ஆனால் போனில் என் சம்மந்தி மாதையன் சொன்னார்: "சம்மந்தி, நீங்க ஒண்ணும் சிரமப்படாதீங்க. அடிவாரத்துல காருலயே உக்காந்துக்குங்க. மடிக்கு எங்க அண்ணன் மவன் இருக்கறான்."

மாதையன் நல்ல மனிதர். மாரண்டஹள்ளிப் பக்கம் தக்காளி விவசாயம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஒல்லி உடம்பு. அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் தாய்வழி ஆள் உட்கார வேண்டிய இடத்தில் தந்தைவழி ஆள் உட்காருவதா? முப்பத்து நான்கு வருடம் தாலுகா ஆபீஸில், ஊழியர்களின் விடுப்பும் விதிகளும் பார்க்கும் பணியமைப்புப் பிரிவைக் கட்டி ஆண்டவன் நான். இப்படி ஒரு விதிமீறலை அனுமதிக்க முடியுமா?

"நானே ஏறி வர்றேன் சம்மந்தி" என்றேன்.

"பாத்துங்க..." என்றார் மாதையன். அந்த 'பாத்துங்க' இருக்கிறதே — அதுதான் என்னை அடுத்த நாள் காலை பள்ளி மைதானத்துக்குத் துரத்தியது.

ஒரு காலத்தில் நான் அந்த மைதானத்தைத் தினமும் எட்டுச் சுற்று சுற்றியவன். பாதி நடை, பாதி ஓட்டம். ஐந்து வருடத்துக்கு முன்னால் முழங்கால் வலித்தது. நிறுத்தினேன். வலி போனது. மழை வந்தது. மழை போனது. டி.வி. வாங்கினோம்...

இப்போது நான் செய்த தவறைக் கேளுங்கள். அரசு ஊழியனாக இருந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. விடுப்பு முடிந்து திரும்பும் ஊழியர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் அல்லவா? அதே பதவி, அதே ஊதியம். நான் முழங்காலுக்காக நின்றவன் — அதாவது மருத்துவ விடுப்பு. பணி முறிவு கிடையாது. ஆகவே எட்டுச் சுற்றிலிருந்தே தொடரலாம் என்று முடிவு செய்தேன்.

முதல் சுற்று முடிவதற்குள் நெஞ்சுக்குள் யாரோ துருத்தி வைத்து ஊதினார்கள். காற்று உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா என்றே தெரியவில்லை. கோல் போஸ்ட் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். யோகா செய்துகொண்டிருந்த பெண்கள் இருவர் ஓடி வந்தார்கள்.

"என்னங்க சார், நெஞ்சு வலிக்குதுங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். பேச முடியவில்லை. நான் பேச முடியாமல் நின்றது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை என்று என் மனைவி சரோஜா பிறகு எல்லோரிடமும் சொன்னாள். கொஞ்சம் சந்தோஷத்தோடு.

அன்றே டாக்டரிடம் போனேன். சின்னப் பெண். ஆனால் கறார். பத்து வருடத்து ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாகக் கோத்து, முதல் பக்கத்தில் பொருளடக்கம் எழுதிய என் கோப்பை நீட்டினேன். அதை ஓரமாக வைத்துவிட்டு, ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார். விரலில் கிளிப் மாட்டினார். ஈ.சி.ஜி., எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை.

"ஹார்ட் நல்லா இருக்கு சார். நுரையீரலும் நல்லா இருக்கு. பழக்கம் விட்டுப் போச்சு, அவ்வளவுதான். எடுத்ததும் எத்தனை சுத்து ஓடப் பார்த்தீங்க?"

எட்டு என்றேன். விடுப்பு விதியையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"உடம்பு லீவெல்லாம் குடுக்காது சார். வரலைன்னா பேரை அடிச்சிடும். மறுபடியும் புது ஆளாத்தான் சேரணும்."

என்ன ஒரு தீர்ப்பு! மேல்முறையீட்டுக்கு வழியே இல்லை.

பத்து நிமிட நடையில் ஆரம்பிக்க வேண்டும். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். தொடங்கும்போதும் மெதுவாக, முடிக்கும்போதும் மெதுவாக. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். வார்த்தை தடுமாறினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் அங்கேயே நின்றுவிட்டு நேராக இங்கே வர வேண்டும். உத்தரவு தெளிவாக இருந்தது. உத்தரவு தெளிவாக இருந்தால் நான் தங்கமான ஊழியன்.

பேச ஆள் வேண்டுமே? சரோஜாவை அழைத்துப் போனேன். பென்ஷன் விதிகளில் தொடங்கி, நன்னடத்தை விதிகளுக்கு வந்தேன். நான்காம் நாள் அவள் நின்றுவிட்டாள்.

"ஏங்க, டாக்டரம்மா பேச முடியுதான்னு பாக்கச் சொன்னாங்க. பேசிக்கிட்டே இருக்கச் சொல்லல."

ஆனாலும் வந்தாள். பத்து நிமிடம் இருபது ஆனது, முப்பது ஆனது. பத்தாவது வாரம் மேம்பாலத்தை மூச்சு வாங்காமல் ஏறி இறங்கினேன். அன்றைக்கு வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்தேன். தெரியாதவர்களுக்கும்!

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒன்பதரைக்குள் முடி இறக்கிவிட வேண்டும் என்று குருக்கள் சொல்லியிருந்தார். பெண்களும் குழந்தையும் அண்ணன் மகனும் முன்னால் போய்விட்டார்கள். மாதையன் வேட்டியை மடித்துக் கட்டினார். "மெதுவா வாங்க சம்மந்தி" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஏறினார். நான் என் உத்தரவுப்படி ஏறினேன். எனக்கு நானே பேசிக்கொண்டு. எதிரே இறங்கி வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

முக்கால்வாசி தூரம் ஏறியிருப்பேன். ஒரு திருப்பத்தில், படியில் உட்கார்ந்திருந்தார் மாதையன். துண்டால் முகத்தை விசிறிக்கொண்டு.

"என்ன சம்மந்தி?"

"ஒண்ணு... மில்லீங்க... சும்மா... காத்து..."

ஒரு மூச்சுக்கு ஒரு வார்த்தை! பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தேன். நெஞ்சு வலிக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று டாக்டரின் கேள்விகளை வரிசை மாறாமல் கேட்டேன். இல்லை, இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. உண்மையும் வந்தது. தக்காளிக் காட்டுக்கு இப்போதெல்லாம் அவர் நடந்து போவதே இல்லை. மோட்டார் கொட்டகை வரைக்கும் பைக் போகிறது. சொட்டுநீர்க் குழாய் போட்டபின் வரப்பில் நடக்கும் வேலையும் இல்லை. பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளியை ஏற்றுவது ஆட்கள்.

"வூட்டுல சொல்லிடாதீங்க சம்மந்தி" என்றார்.

சொல்ல மாட்டேன் என்றேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள். "அப்பா, எங்கப்பா இருக்கீங்க? மணி ஒன்பதே காலாச்சு. குருக்கள் அவசரப்படுத்துறாருப்பா. இங்க எல்லாரும் மாமாவோட அண்ணன் மகனை உக்காரச் சொல்றாங்க."

போன் சத்தம் மாதையனுக்கும் கேட்டது. என்னைப் பார்த்தார். கையால் மேலே காட்டினார்.

"நீங்க போங்க சம்மந்தி. மடி உங்களுது. நான் மெதுவா வந்துக்கறேன்."

கீழிருந்து ஏறி வந்த உறவுக்காரர் இருவரை அவரோடு இருக்கச் சொல்லிவிட்டு ஏறினேன். ஒத்துக்கொள்கிறேன் — கடைசிப் படிகளில் டாக்டர் உத்தரவை மீறினேன். பேசவும் இல்லை, மெதுவாகவும் இல்லை.

மேலே போனால், அண்ணன் மகன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். மடியில் கதிர் அலறிக்கொண்டிருக்கிறான். என்னைப் பார்த்ததும் அந்தப் பையன் துள்ளி எழுந்தான். "சாமி, காப்பாத்தினீங்க. சட்டையெல்லாம் நனைச்சுட்டான்!"

உட்கார்ந்தேன். குழந்தையை வைத்தார்கள். மொட்டை போடுபவர் கத்தியோடு குனிந்தார். குனிந்தவர் நிமிர்ந்துவிட்டார்.

"ஐயா, உங்க வயிறு ஏறி எறங்குதுங்க. கொழந்தை தல ஆடுது. இப்ப கத்தி வெக்க மாட்டேன்."

"நேரம் போகுதுப்பா" என்றார் குருக்கள்.

"போகட்டும் சாமி. இந்த மலையில நாங்க தலைய பாக்கறதுக்கு முன்னாடி மடியத்தான் பாப்போம். மூச்சு அடங்காம ஒருத்தருக்கும் தொட்டதில்ல." என்னிடம் திரும்பினார். "ஐயா, மூக்கால இழுங்க. உதட்டக் குவிச்சு, சூடான டீய ஊதற மாதிரி மெல்ல விடுங்க. அவசரம் வேணாம்."

ஊதினேன். ஃபூ... ஐம்பது பேர் சுற்றி நின்று என் மூச்சை வேடிக்கை பார்த்தார்கள். மணி ஒன்பது இருபத்தைந்து. ஃபூ...

கதிர் அழுகையை நிறுத்தினான். தலையைத் திருப்பி என் வாயையே பார்த்தான். பிறகு அவனும் குட்டி உதட்டைக் குவித்தான். "ஃபூ!"

கூட்டம் சிரித்தது. நான் ஊத, அவன் ஊத, என் வயிறு அடங்கியது. அவன் தலையும் அசையாமல் நின்றது. தண்ணீர் தடவி, கத்தி வைத்து, முதல் கொத்து முடி என் வேட்டியில் விழுந்தது. ஒன்பதரைக்கு இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும்தான். மலைக்காற்று...

சந்தனம் பூசி முடித்த நேரம் மாதையன் வந்து சேர்ந்தார். தூணைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடினார். எல்லோரும் என்ன ஆயிற்று என்று பதறினார்கள். கதிர் பதறவில்லை. சந்தன மொட்டையைச் சாய்த்து, அப்பாவைப் பெற்ற தாத்தாவை மேலும் கீழும் பார்த்தான். உதட்டைக் குவித்துக் காட்டினான். "ஃபூ..."

மாதையனும் வேறு வழியில்லாமல் ஊதினார்.

பரம்பரையில் ஒரு டாக்டராவது வர வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசையாம்!