நெட்டா திருப்பி அனுப்பிய மூன்று துணிகள்

செல்கிர்க் ஊரில், ஆண்கள் உடுத்தும் கொசுவம் வைத்த கம்பளிப் பாவாடையான கில்ட்டைத் தைக்கிற நெட்டா ஸ்கூலர், துணி வந்தால் நிறத்தையோ கட்டத்தையோ முதலில் பார்க்கமாட்டாள். ஓரத்தைத்தான் பார்ப்பாள். கில்ட்டின் அடியை யாரும் மடித்துத் தைப்பதில்லை. தறியில் நெய்து வந்த ஓரமே முழங்காலில் வந்து நிற்கும். அதில் ஓர் இழை தொங்கினாலும், ஓரம் வளைந்து போனாலும், கொசுவம் முழுதும் கோணலாகத் தெரியும். இரண்டு விரல்களுக்கிடையில் ஓரத்தை வைத்து நீளம் முழுக்க உருவுவாள். பிறகு வெட்டுமேசையின் விளிம்போடு சேர்த்துப் போட்டுப் பார்ப்பாள். இருபத்தாறு வருடமாக அவள் சொன்னதை, துணி நெய்து அனுப்பும் ஆலையில் யாரும் மறுத்ததில்லை.

அந்த மார்ச்சில் ஊர் பேக்பைப் இசைக்குழுவுக்குப் புது கில்ட்டுகள். துணி நெய்தவன் ஆர்ச்சி ஹிஸ்லப். முதல் துணியை, ‘ஓரம் வளைகிறது’ என்று சீட்டெழுதித் திருப்பிவிட்டாள். இரண்டாவதையும் அப்படியே. மூன்றாவதும் திரும்பிப் போனது.

சனிக்கிழமை காலை, மழைக்குத் தார்ப்பாய் சுற்றி அந்தத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆர்ச்சியே வந்துவிட்டான்.

“என்ன ஆர்ச்சி, மூணு தடவை சொல்லியும் உறைக்கலையா?”

“நூல் பிடிச்சுப் பாத்துட்டு உறைக்கட்டும்னு வந்தேன். முறுக்கு நூல் இருக்கா?”

“ஏன், கொத்து வேலைக்குப் போகப்போறியா?”

“போகவேண்டியதுதான். தறியை விட்டு எறக்கிட்டாங்க. எனக்குக் கண்ணு மங்கிப்போச்சாம். இப்ப நூல் சுத்துற வேலை.”

நெட்டாவுக்கு அது தெரியாது. நூலை எடுத்து வந்தாள். தரையில் துணியை விரித்து, ஓரத்தையொட்டி ஆளுக்கொரு நூல்முனையைப் பிடித்து இழுத்தார்கள். நூலும் ஓரமும் கடைசிவரை ஒட்டிக்கொண்டே போயின. அவள் மறுபடி பார்த்தாள். பிறகு தானாகவே எழுந்து அதே நூலை மேசை விளிம்பில் பிடிக்கச் சொன்னாள். நடுவில், நூலுக்கும் விளிம்புக்கும் இடையே ஒரு விரல் நுழைந்தது. குளிர்காலத்தில் கூரை ஒழுகியதில் மேசைப் பலகை வளைந்திருந்தது.

“விரலுக்குச் சரியாத்தான் இருந்துச்சு ஆர்ச்சி. நான் மேசையை நம்பிட்டேன்.”

“டீ போடு. ஈரத்துல நடந்து வந்திருக்கேன்.”

திங்கட்கிழமை பத்து மணிக்கு, எல்லாரும் டீ குடிக்கிற நேரம் பார்த்து அவள் ஆலைக்குப் போனாள். மேலாளர் அறைக்குள் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. நடுவில் நின்று சொன்னாள்:

“ஆர்ச்சி நெசவுல தப்பில்ல. மூணும் நல்ல துணி. என் மேசைதான் கோணல்.”

“மேசை மட்டுந்தானா நெட்டா?” என்று மூலையிலிருந்து ஒருத்தி கேட்டாள். ஒரே சிரிப்பு. நெட்டாவின் முகம் சிவந்தது. அப்புறம் அவளும் சிரித்துவிட்டாள். அன்று பிற்பகலே ஆர்ச்சி தன் தறிக்குத் திரும்பினான்.

ஜூனில் ஊர் எல்லையைச் சுற்றும் குதிரை ஊர்வலத்துக்கு முன்னால், பேக்பைப் குழு அந்த கில்ட்டுகளோடு நடந்தது. அதற்கப்புறம் அவள் சீட்டெழுதுவதை விட்டுவிட்டாள். ஓரம் பிடிக்கவில்லையென்றால், நெய்தவரையே வரச்சொல்லிக் காட்டுவாள். இருந்தும் பாதித் துணிகள் திரும்பித்தான் போயின. அதில் ஆர்ச்சியுடையதும் இரண்டு உண்டு.