மான் ஈரலோடு தனியே நடந்தேன்

சுவிஸில், கிராபுண்டன் மலையில் ஓர் உணவகத்தில் சமைக்கிறேன். முதலாளி றேட்டோ மான் வேட்டைக்குப் போனபோது நானும் போனேன். "கரடி தெரிஞ்சால் ஓடாதை, கதைச்சுக்கொண்டே மெல்லப் பின்வாங்கு" என்று சொல்லியிருந்தார்.

மான் விழுந்தது. ஈரலை எறிய எங்கள் தமிழ் ஆட்களுக்கு மனம் வருமா? பிரட்டல்கறி வைக்கலாமென்று கடைப்பையில் போட்டேன். றேட்டோ மானோடு மினக்கெட, பையிலிருந்து இரத்தம் சொட்டச் சொட்டத் தனியே காருக்கு நடந்தேன்.

பின்னால் கொப்பு முறிந்தது. திரும்பினால் கரடி, நிலத்தை மணந்து பார்த்தபடி என் வழியிலேயே வந்தது. பையைக் கீழே வைத்து, "அண்ணை, நான் போறன், அண்ணை" என்று கதைத்தபடியே பின்வாங்கினேன். அது பையோடு நின்றுவிட்டது.

இப்போது காட்டில் தனியே நடப்பதுமில்லை, இறைச்சி சுமப்பதுமில்லை. வீட்டில் கடையில் வாங்கிய ஈரலைக் கழுவும்போதும் ஒருக்கால் திரும்பிப் பார்க்கிறேன்.