சடையப்பன் காத்த மடம்

படூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் கேட்டில் சடையப்பன் பதினொரு வருஷமாக செக்யூரிட்டி சூப்பர்வைசர். சொந்த ஊர் செய்யூர் பக்கம். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. எங்கள் சங்கத் தலைவர் கோதண்டராமன் ஒருநாள் ஸ்டிக்கர் ஒட்டாத புதுக் காரில் வந்தார். அவரையே நிறுத்தி விசிட்டர் நோட்டை நீட்டிவிட்டார் சடையப்பன். ‘யாரைப் பார்க்க’ என்ற கட்டத்தில் தலைவர் ‘என் மனைவியை’ என்று எழுதினார். சடையப்பன் இன்டர்காமில் அந்த அம்மாளைக் கேட்டார். அம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் அனுப்பச் சொன்னார்.

பின்னால் ஸ்கூட்டரில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள் பி பிளாக் ரோகிணி. கம்ப்யூட்டர் கேம் செய்வது அவள் தொழில். அப்போது செய்துகொண்டிருந்த கேமில் மலை உச்சியில் ஒரு துறவிகள் மடம், அதற்குக் கண்டிப்பான காவல் தலைவன் ஒருவன். அவனுக்குக் குரல் கொடுக்க நாலு நடிகர்களைப் பார்த்திருந்தாள். நாலு பேரும் நன்றாக உறுமினார்கள். பயப்படத்தான் தோன்றவில்லை.

சடையப்பனைக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை டூட்டி முடிந்ததும், தொப்பியைக்கூடக் கழற்றாமல் அவள் வீட்டுக்கு வந்தார். எதிரொலி வராமலிருக்கச் சுவரோரம் மெத்தைகளைச் சாய்த்து, நடுவில் மைக் வைத்திருந்தாள்.

“நில். யார் நீ?” என்று முதல் வசனத்தைப் படித்தார். ரோகிணி தன்னையறியாமல் ஓரடி பின்னால் போனாள்.

ஐந்தாவது வசனத்தில் சிக்கல் வந்தது. விளையாடுபவன் காவல் தலைவனின் வீரத்தைப் புகழ வேண்டும். அவன் மனம் குளிர்ந்து, ‘சரி வீரனே, உள்ளே போ’ என்று வழிவிட வேண்டும். சடையப்பன் பேப்பரைக் கீழே வைத்தார்.

“இத நான் சொல்ல மாட்டேன் மேடம்.”

“ஏண்ணா?”

“அவன் யாருன்னே தெரியாது. கையில கத்தி வேற வச்சிகினு கீறான். நல்லா பேசுனான்னு உட்டுடுவனா? உள்ள சாமியாருங்க கீறாங்க.”

“அண்ணா, இது வெறும் கேம். அவன் உள்ள போனாத்தான் கதையே நகரும்.”

“அப்ப பெரிய சாமியாரு வந்து இட்டுகினு போவட்டும். நான் இன்னாத்துக்கு உடணும்?”

ரோகிணி டீ போட்டுக் கொடுத்துப் பேசிப் பார்த்தாள். டீயைக் குடித்தார், வசனத்தைச் சொல்லவில்லை. கடைசியில் அவள் கதையையே மாற்றினாள். மலையடிவாரத்தில் இருக்கும் மணியை அடித்து, மடத்துத் தலைவர் இறங்கி வந்தால்தான் கதவு திறக்கும். இதற்கு மூன்று வாரம் கூடுதல் வேலை. முணுமுணுத்துக்கொண்டே செய்தாள்.

கேம் வெளியானதும் விளையாடியவர்கள் சடையப்பனைக் கண்டபடி திட்டினார்கள். டிராகனை ஒரே வெட்டில் கொன்ற ஒருவன், மடத்து வாசலில் மூன்று நாள் நின்றதாக எழுதினான். திட்டித் திட்டியே அவரைப் பிடித்துப் போயிற்று. பொத்தேரி ஹாஸ்டல் மாணவர்கள் ‘கத்தியக் கீழ வச்சிட்டுப் பேசு’ என்ற வசனத்தை ரிங்டோன் ஆக்கிக்கொண்டார்கள். நாலு பேர் பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டார்கள், செல்ஃபி எடுக்க.

“டூட்டி நேரம். ரெண்டு மணிக்கு வாங்க” என்றார் சடையப்பன்.

இரண்டு மணி வரை எதிர்வெயிலில் நின்றார்கள். அதே குரலில் நிறுத்திவைக்கப்பட்டதில் அவர்களுக்கு ஏக சந்தோஷம்.

கேமின் கடைசியில் ‘காவல் தலைவன்: மு. சடையப்பன்’ என்று வரும். ரோகிணி காட்டியபோது, இன்னொரு முறை போடச் சொன்னார். பதினொரு வருஷமாக எங்களில் பலருக்கு அவர் ‘வாட்ச்மேன்’தான். இனிஷியல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அவர் பேசிய வசனங்களை ரோகிணி அவர் போனில் ஏற்றிக் கொடுத்தாள். வீட்டில் அவர் மனைவி, பெயர் வேண்டா, அதைக் கேட்டுவிட்டு, “இதத்தான் நான் டெய்லி கேட்டுகினு கீறேனே” என்றாராம். ஆனால் அடுத்த வாரம் செய்யூரிலிருந்து நாத்தனார் வந்தபோது, சத்தத்தைக் கூட்டிவைத்துப் போட்டுக் காட்டியதும் வேண்டாதான். சடையப்பன் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.