சைனா மசாஜ், ஜவ்வாது மலை

சைனாவுக்குப் போனவர்கள் எங்கள் குடும்பத்தில் யாரும் கிடையாது. சைனா மசாஜ் செய்துகொண்டவர்கள் மட்டும் இரண்டு பேர் உண்டு, நானும் என் கணவரும். அது நடந்தது ஜவ்வாது மலையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகையில்.

"சனி ஞாயிறு எங்கனா போய்ட்டு வாங்க, மனசு லேசாவும்" என்று யோசனை சொன்னது நாத்தனார். என் மனசு கனமாக இருப்பது அவளுக்கு ஆறு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது போலும். கணவருக்குக் கணியம்பாடியில் உரக்கடை. கடையை மூடச் சொன்னால் பல்லைப் பிடுங்கச் சொன்னது போல முகம் சுளிப்பவர். அப்படிப்பட்டவர் தானே போனில் தேடி, அறையும் மசாஜும் சேர்த்து மலிவாகக் கிடைக்கிற ஒரு இடத்தைப் பிடித்துவிட்டார். அமிர்தி வழியாகக் காரில் மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை.

எங்களுக்குள் பேச்சு நின்றுபோன கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு ஆறு வருஷம் முன்னால் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறக்கும்போதே உயிர் இல்லை. எனக்கு ஆபரேஷன் மயக்கம் தெளிவதற்குள் குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இறந்து பிறந்த பிள்ளையின் முகத்தைத் தாய் பார்த்துவிட்டால் அடுத்தது வயிற்றில் தங்காது என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினார்கள். நான் கிடந்த அறையில் கல்யாண வீட்டு வாசனை அடித்தது. முகத்தை மறைத்ததால் அடுத்தது ஒன்றும் வந்து தங்கிவிடவில்லை, அது வேறு விஷயம்.

அந்த முகத்தைப் பார்த்தவர் என் கணவர். கையில் வாங்கிக்கொண்டு போனவரும் அவர்தான். யார் மாதிரி இருந்தாள் என்று கேட்டேன். கெஞ்சிக் கேட்டேன், சண்டை போட்டும் கேட்டேன். "எனக்கு ஞாபகம் இல்ல, வுடு" என்பார். எந்த ஊர்க்காரர் எந்தப் போகத்துக்கு எத்தனை மூட்டை யூரியா எடுத்தார் என்பதை மனப்பாடமாகச் சொல்கிற மனிதர்! வெளியார் யாராவது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், நான் வாயெடுப்பதற்குள் "இன்னும் இல்லீங்க" என்று முந்திக்கொள்வார். நான் கேட்டது நகையா, நட்டா? கண்ணை மூடினால் என் மகளின் முகம் வர வேண்டும், அவ்வளவுதான். எனக்கு ஒன்றும் வரவில்லை.

மசாஜ் கொட்டகையின் வாசலில் கேரளா, தாய்லாந்து, சைனா மூன்றும் ஒரே பலகையில் இருந்தன. மூன்றுக்கும் ஒரே நல்லெண்ணெய்தான் என்பது உள்ளே போனதும் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. சுவரில் ஒரு டிராகன் படம். செல்போனில் சீனப் புல்லாங்குழல் பாடியது, நடுநடுவே இட்லி மாவு விளம்பரம் வந்து போனது. முதலாளி ஒடுகத்தூர்க்காரர். "சாருக்கு சைனா ஃபுட் மசாஜ். மேடத்துக்கு ஃபுல் பாடி. மேடம், ஆபரேஷன் எதுனா பண்ணியிருக்கீங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றார் என் கணவர். வயிற்றைக் கிழித்தது எனக்கா அவருக்கா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நடுவில் ஒரு துணித் திரைதான். அந்தப் பக்கம் அவரைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, பிளாஸ்டிக் டப்பில் வெந்நீர் ஊற்றிக் காலை வைக்கச் சொன்னார்கள். இந்தப் பக்கம் எனக்கு ஒரு பெஞ்சு. என்னைப் பிடித்துவிட வந்தவள் நெல்லிவாசல் பக்கத்து மலைக்காரப் பெண், நாற்பது வயது இருக்கும். புடவைக்கு மேலே கடைப் பெயர் போட்ட டீ ஷர்ட் மாட்டியிருந்தாள். வேலையை எங்கே கற்றாய் என்று கேட்டேன்.

"மொதலாளி போன்ல வீடியோ காட்டுனாருக்கா. சைனாக்காரி ஒருத்தி அமுக்குனா, பாத்துக்கினேன். களி கிண்டுற கைதானே, வந்துடுச்சி."

களி கிண்டுகிற மாதிரியேதான் கிண்டினாள். முதுகு, தோள் எல்லாம் முடித்து வயிற்றுக்கு வந்ததும் கை நின்றது.

"ஆபரேசன் இல்லன்னாரே அண்ணன்? இது கொயந்தைக்குப் போட்ட கத்தியாச்சே. இன்னா கொயந்தக்கா?"

பக்கத்தில் முந்திக்கொள்ள ஆள் இல்லை. "பொண்ணு" என்றேன். அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லி வருஷக்கணக்காகியிருந்தது.

"எத்தினாவது படிக்குது?"

"ஒண்ணாவது."

"வூட்லயா வுட்டுட்டு வந்தீங்க?"

"எங்கம்மா கிட்ட இருக்கா."

பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது! பள்ளிக்கூடத்துக்கு அழுகிறாளா என்று கேட்டாள். அழ மாட்டாள், பிடிவாதம்தான் ஜாஸ்தி என்றேன். திரைக்கு அந்தப் பக்கம் கேட்கக் கூடாது என்று மெதுவாகத்தான் பேசினேன். அந்த ஆறு வருஷத்தில் என்னை ஒரு தாயாக வைத்துப் பேசியவள் அவள் ஒருத்திதான். அந்த மசாஜில் எனக்குக் கிடைத்த சுகம் அதுதான், தோள்வலி இருந்த இடத்திலேயே இருந்தது.

முடிந்ததும் அவள் வெந்நீர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். நான் எழுந்து புடவை கட்டிக்கொண்டிருந்தேன்.

"தண்ணி ஆறிப்போச்சாண்ணா? சூடா ஊத்தவா?"

"ம்" என்றார். பாதித் தூக்கத்தில் இருக்கிறார் என்று குரலிலேயே தெரிந்தது.

"பாப்பா யாரு ஜாடண்ணா? உங்களாட்டமா, அக்காவாட்டமா?"

கொசுவம் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. இப்போது "எங்களுக்குக் குழந்தையே இல்லீங்க" என்று வரப்போகிறது, இவள் முன்னால் நான் பொய்க்காரியாக முழிக்கப்போகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அவங்கம்மா ஜாடதான்" என்றார் என் கணவர். "நெத்தி, கண்ணு எல்லாம் அவதான். மோவாயில குழி மட்டும் என்னுது. தல நெறைய முடி."

"பொம்பளப் புள்ளைக்கு முடி இருந்தா அயகுதாண்ணா" என்று சிரித்துவிட்டு அவள் வெளிக்குழாய்க்குப் போய்விட்டாள்.

நான் திரையை விலக்கினேன். அவர் முழு விழிப்போடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் டப்பிலிருந்து காலை எடுத்தார், தரையெல்லாம் தண்ணீர்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஆறு வருஷமாகத் தவித்தது கிடைத்துவிட்டதே! வந்தது ஆத்திரம். இந்த மனிதருக்கு எதுவுமே மறந்திருக்கவில்லை. நான் காலில் விழாத குறையாகக் கேட்டபோது பூட்டி வைத்திருந்ததை, காலில் வெந்நீர் பட்டதும், முன்பின் தெரியாத ஒருத்திக்கு எடுத்துக் கொடுத்துவிட்டார். அவள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.

ராத்தங்கலாவது ஒன்றாவது. பையை எடுத்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தேன். அவரும் வந்து ஏறினார்.

"ஞாபகம் இல்லன்னீங்களே?"

சாவியைப் போட்டவர் திருகாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். "சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க."

"அத்தை போயி மூணு வருஷம் ஆவுது."

"சொன்னா நீ அழுவியேன்னுதான்."

"சொல்லலியே, அதனால நான் அழாமயா இருந்தேன்?"

வண்டியை எடுத்தார். மலை இறங்கத் தொடங்கியதும், "வேற இன்னா ஞாபகம் இருக்கு?" என்று கேட்டேன். "அவ்ளோதான்" என்றார். நான் நம்பவில்லை.

கண்ணை மூடிக்கொண்டேன். என் நெற்றி வந்தது, என் கண் வந்தது, தலை நிறைய முடியும் வந்தது. மோவாயை மட்டும் அவர் முகத்தில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கணியம்பாடி வரைக்கும் நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.