நியூட்ரலில் இறங்கிய மலை

இறக்கத்தில் வண்டிக்கு எஞ்சின் தேவையில்லை என்று இருபத்தைந்து வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரத்தநாட்டுப் பக்கம் பிறந்தவனுக்கு இப்படியொரு நம்பிக்கை வருவதில் ஆச்சரியமில்லை. எங்கள் வயல்களில் தண்ணீருக்கே எந்தப் பக்கம் ஓடுவது என்று குழப்பம் வரும்; அவ்வளவு சமம். நான் வண்டியோடு ஏறிய மிக உயரமான இடம் தஞ்சாவூர் ரயில்வே மேம்பாலம்தான். அதன் உச்சியில் நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டால் வண்டி தானாகவே கீழே வந்து சேரும். அந்த அரை நிமிடம் பெட்ரோலை ஏமாற்றிவிட்ட பெருமிதம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. டிராக்டர், வேன், கார் எதையும் விட்டுவைக்கவில்லை.

இந்த ஞானத்தோடுதான் மனைவி, பன்னிரண்டு வயது மகள், மாமியார் மூவரையும் மலேசியாவுக்குச் சுற்றுலா கூட்டிப் போனேன். அங்கே வேலை பார்க்கும் மச்சினன், மலைக்குப் போவதென்றால் டிரைவரோடு வேன் பிடித்துத் தருகிறேன் என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முகூர்த்த நாளில் கும்பகோணம் கடைத்தெருவுக்குள் கார் ஓட்டியவனிடம் சொல்கிற பேச்சா இது? ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். மலையில் ஓட்டிய பழக்கம் உண்டா என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள். மேம்பாலத்தை மனதில் வைத்து, உண்டு என்றேன்.

கேமரன் மலைக்கு ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் தேயிலையையும் பனியையும் பார்த்தோம். மூன்றாம் நாள் காலை இறங்கத் தொடங்கியதும், கை தானாக நியூட்ரலுக்குப் போனது. வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து, ஜோராகத்தான் இறங்கினேன்.

பின்சீட்டிலிருந்து மாமியார் சொன்னார்: "மாப்ள, என்னமோ பொசுங்குற வாடை வருதே."

"தேயிலை வறுக்குறாங்க அத்த."

அடுத்த பத்து வளைவுகளில் தேயிலைத் தோட்டம் எதுவுமில்லை, வெறும் காடு. வாடை மட்டும் எங்களோடு கூடவே வந்தது.

பிறகு ஒரு வளைவுக்கு முன்னால் மிதித்தபோது பெடல், சேற்று வயலில் வைத்த கால்போல உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. மறுபடி மிதித்தேன். வேகம் குறையவில்லை. இடது பக்கம் பள்ளம். தரை தெரியவில்லை, மரங்களின் உச்சிதான் தெரிந்தது. மெதுவாகப் போகச் சொன்னாள் மனைவி. மெதுவாகத்தான் போகிறேன் என்றேன். இரண்டு வளைவுகளில் எதிர்ப்பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டு திரும்பினேன். லாரி ஏதும் வரவில்லை; அதற்கு நான் எந்த விதத்திலும் காரணமில்லை. வேறென்ன செய்வதென்று தெரியாமல் ஹாரனை அழுத்தினேன். ஹாரன் நன்றாக வேலை செய்தது.

"பிரேக் புடிக்கல" என்றேன்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கண்ணாடியில், மாமியார் என் மகளின் தலையைத் தன் மடியில் அமுக்கி மேலே கவிழ்ந்துகொள்வது தெரிந்தது. மகள் ஏன் பாட்டி ஏன் பாட்டி என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த வயதில் எனக்கெதற்கு வெளிநாடு என்றவரைப் பாஸ்போர்ட் ஆபீசுக்கு அழைத்துப் போனவன் நான். மூன்று பேரையும் நானே கொண்டுவந்து இங்கே கொட்டப் போகிறேன். அதற்குமேல் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

அடுத்த வளைவில் வலது பக்கம் ஒரு பழக்கடை. அதை ஒட்டி மண்பாதை ஒன்று மேலே ஏறியது. ஒடித்தேன். கார் கடையின் இரண்டு கூடைகளைச் சாய்த்துவிட்டு மேட்டில் ஏறி, மூச்சு வாங்கினாற்போல் நின்று, பின்னோக்கி உருளத் தொடங்கியது. கை பிரேக் என்று ஒன்று இருப்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

முன்சக்கரம் இரண்டிலும் புகை. தண்ணீர் பாட்டிலோடு ஓடினேன். கடைக்காரர் தமிழர், கையைப் பிடித்துத் தடுத்தார்.

"ஊத்தாதீங்கண்ணே. பிரேக் சூடேறித்தான் புடிக்காமப் போயிருக்கு, அதுவா ஆறட்டும். எந்த கியர்ல எறங்குனீங்க?"

"நியூட்ரல்ல."

என்னைப் பார்த்தார். காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மூன்று பேரையும் பார்த்தார். அப்புறம் அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

ஒன்றரை மணி நேரத்தில் பெடல் பழையபடி கெட்டியானது. அதற்குள் கடைக்காரரின் மனைவி எனக்கு மலையிறங்கும் பாடம் எடுத்து முடித்திருந்தார். கீழ் கியரில் போட்டு இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளுமாம், இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது, கிளம்பலாம் என்றேன். யாரும் எழவில்லை. மாமியார் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, "நீங்க ஓட்டுறதுன்னா நான் நடந்தே எறங்கிக்கிறேன், மாப்ள" என்றார். கோபமே இல்லாத குரல்.

அடிவாரம்வரை காரை ஓட்டியது கடைக்காரரின் மனைவி. கடைக்காரர் பைக்கில் பின்தொடர்ந்து வந்து அவரைத் திரும்ப அழைத்துப் போனார். நான் பின்சீட்டில், மாமியாருக்கும் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தேன்.