தீவு முழுகப்போகிறது என்று நான் ஓடியது

தீவு என்றால் ஏரிக்கு நடுவில் இருக்கும் திட்டு மாதிரி, தண்ணீர் ஏறினால் முழுகிவிடும் என்றுதான் நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள். உத்தனப்பள்ளிப் பக்கத்தில் பிறந்தவன் முப்பது வயது வரை கடலை எங்கே பார்ப்பான்? எங்கள் ஏரித் திட்டில் மாடு மேயும். மேலே மழை பிடித்தால் கரையில் நிற்பவன் ‘ஏரி ரொம்புது’ என்று ஒரு சத்தம் போடுவான். கால் நனைவதற்குள் மாட்டை ஓட்டிக்கொண்டு கரையேறிவிட வேண்டும். தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஐம்பதுகளின் நடுவில் அப்பா செத்தார். நிலத்தைப் பங்கு பிரித்ததில் கிணறு அண்ணன் பாகத்தில் விழுந்தது. வாரத்தில் பாதி நாள் நான் மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொள்ளலாம் என்பது வாய்ப்பேச்சு. சீக்கிரத்தில் அந்தப் பேச்சும் நின்று, அண்ணனும் நானும் முகம் பார்ப்பதும் நின்றது. அவர் மனசு வைத்தால்தான் என் பயிருக்குத் தண்ணீர். ஊரார், “ரெண்டு பேரும் ஒண்ணா ராமேஸ்வரம் போயி அஸ்தியக் கரைச்சிட்டு வாங்க, தானா பேச்சு வந்துரும்” என்று அனுப்பி வைத்தார்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ரயில் இருந்தது. ஆனால் நடந்து போய்த்தான் கரைக்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். இருந்தவரை அவர் பேச்சைக் கேட்காத இரண்டு பேரும் அன்றைக்குக் கேட்டோம். அண்ணன் கலயத்தோடு முன்னால், நான் மூட்டையோடு பின்னால். ஒரு பக்கம் கடல் குளம் போலக் கிடந்தது. மறுபக்கம் இரைந்துகொண்டே இருந்தது. அழகுதான், யார் இல்லை என்றது? நான் அண்ணன் முதுகைப் பார்த்தே நடந்தேன், கிணற்றுப் பேச்சை எப்படி எடுப்பது என்று.

வெயில் ஏறியதும் ஒரு பனையடியில் உட்கார்ந்தோம். கலயத்தைத் தரையில் வைக்கக் கூடாது என்று அண்ணன் மடியிலேயே வைத்துக்கொண்டார். சொம்புத் தண்ணீரை எனக்கு முதலில் நீட்டினார். “கிணத்து சமாச்சாரம்...” என்று ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து, தள்ளி விட்டிருந்த என் செருப்பு மிதந்தது. உட்காரும்போது காய்ந்து கிடந்த மணலெல்லாம் தண்ணீர்.

பயத்தில் எனக்குத் தமிழ் வரவில்லை. சந்தையில் மாட்டுக்குப் பேரம் பேசும் தெலுங்குதான் வந்தது. “நீளு ஒச்சே, நீளு ஒச்சே” என்று, தண்ணீர் வந்துவிட்டதைக் கத்திக்கொண்டு மூட்டையோடு மணல்மேட்டில் ஏறினேன். போகிற போக்கில், இல்லாத மாட்டை வேறு “ஹை, ஹை” என்று ஓட்டினேன்.

பக்கத்தில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த அம்மாள் தலையை நிமிர்த்தினாள். “ஏத்தத் தண்ணிண்ணே. தெனம் வாரதுதான், சாயங்காலம் அதுவா வத்திரும். எறங்கி வாங்க.”

“கடலு ரொம்பிப் போச்சாம்மா” என்றார் அண்ணன். “டேய், போயி மதகத் தொறந்து உட்றா.” கலயத்தை அணைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அவர் சிரித்துப் பார்த்து எத்தனை காலமாயிற்று. அதை விட்டுவிடக் கூடாது என்று மிச்ச வழியெல்லாம் நானே கோமாளி ஆனேன். சின்ன அலைக்கும் துள்ளினேன். நண்டைக் கண்டு கும்பிட்டேன். கிணறு கிடைக்குமென்றால் குட்டிக்கரணமும் போட்டிருப்பேன். அவரும் சிரித்துக்கொண்டே வந்தார்.

முனையில் அஸ்தியைக் கரைத்து, இருவரும் கை கோத்து முழுகினோம். கரையேறித் துணி பிழியும்போது கேட்டேன்.

“ண்ணா, அப்ப ஏதோ கிணத்து சமாச்சாரம்னியே?”

“அதுவா. இனிமே மொற உட முடியாது, நீ வேற கிணறு வெட்டிக்கன்னு சொல்ல வந்தன். மச்சான் மொளகா போடறானாம், அவனுக்குத் தண்ணி உட்றன்னு சொல்லிட்டன்.”

“இவ்ளோ நேரம் சிரிச்சிக்கிட்டு வந்த?”

“சிரிப்பு வந்துது, சிரிச்சன். அதுக்கும் கிணத்துக்கும் என்னடா?”

ரயிலில் திரும்பினோம். தை மாசம் அவர் கிணற்றைச் சுற்றி முள் அடைத்தார். நான் வெட்டிய கிணற்றில் பாறைதான் வந்தது. நிலத்தை அவருக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, ஓசூரில் ஒரு மாவு மில்லில் வேலைக்குச் சேர்ந்தேன்.