கை நடுங்கத் தெரிந்தவள்

பழைய கேமராவும் லென்ஸும் வாங்கி விற்கிற கடையில், பொருளைவிட அதிகமாகச் சோதிக்கப்படுவது அங்கே வேலை பார்க்கிறவர்தான். நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிற ஆள் நீங்களும் என்றால், நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது. டிஜிட்டல் கேமரா மதுரைக்குள் புழங்கத் தொடங்கியிருந்த நேரம் அது. மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருந்தது எங்கள் கடை.

தீபாவளி வரைக்கும்

இயற்பியல் பட்டம் முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். முதலாளி ராம்சந்தர் சார், கல்யாண வீடுகளில் படம் பிடித்தே தலை நரைத்தவர். வீட்டுக்குப் போன் செய்தால் சௌராஷ்டிரத்திலும் எங்களிடம் மதுரைத் தமிழிலும் ஒரே வேகத்தில் பேசுவார். சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்: “தீபாவளி வரைக்கும் பார்ப்போம்மா. கஸ்டமர்கிட்ட வாயைத் தொறந்து பேசிட்டீன்னா இருந்துக்கலாம்.” இல்லாவிட்டால் வீட்டில் எனக்காக வங்கித் தேர்வு வகுப்பு காத்திருந்தது. எனக்கோ கடை பிடித்துப் போயிற்று. ஜன்னலோரம் நின்று டெலி லென்ஸ் வழியாகப் பார்த்தால் தெருக்கோடியில் நடக்கிறவரின் சட்டைப் பொத்தான் வரை தெரியும். அவருக்கு நான் தெரிய மாட்டேன். கூச்சப்படுகிறவளுக்கு இதைவிட நல்ல வேலை எங்கே கிடைக்கும்?

ஆனால் ஜன்னலை விட்டுக் கவுன்டருக்கு வந்தால் கதை மாறிவிடும். விலை கேட்டால் குரல் வராது. லென்ஸை எடுத்து நீட்டினால் விரல்கள் நடுங்கும். லென்ஸின் மூடி கவுன்டர் கண்ணாடியில் பட்டு டகடகவென்று தாளம் போடும். வந்தவர் லென்ஸைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் கையைப் பார்ப்பார். பின்னால் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருந்த மெக்கானிக் செல்வம் அண்ணன் ஒரு நாள் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: “என்ன பாப்பா, லென்ஸைக் குடுக்கிறியா, இல்ல சலங்கை கட்டி ஆட விடுறியா?”

தெருக்கோடி வைத்தியசாலை

ஒத்தக்கடையிலிருந்து மாரிமுத்து என்கிற போட்டோகிராபர், ஸ்டெபிலைசர் உள்ள டெலி லென்ஸ் ஒன்றை விற்க வந்தார். தூரத்தை இழுத்துக் காட்டுகிற லென்ஸ், கையின் சின்ன அசைவையும் பெரிதாக்கிவிடும். ஸ்டெபிலைசர் என்பது அதைச் சரிக்கட்டுவதற்காக லென்ஸுக்குள்ளேயே எதிர்ப்பக்கம் நகர்ந்து கொடுக்கிற ஒரு கண்ணாடி. அது உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. கேமராவில் மாட்டி, படமெடுக்கிற பட்டனைப் பாதி அழுத்தினால் ‘கிர்ர்’ என்று மெல்லிய சத்தம் வரும். ஆடிக்கொண்டிருந்த காட்சி சட்டென்று நிற்கும். சத்தத்தை மட்டும் நம்பக் கூடாது. சத்தம் போட்டுக்கொண்டே வேலை செய்யாமல் இருப்பது லென்ஸிலும் உண்டு.

சார் வாங்கிப் பார்த்தார். முழங்கைகள் தானாக விலாவோடு ஒட்டிக்கொண்டன, மூச்சு நின்றது. ஸ்டெபிலைசரைப் போட்டு ஒரு படம், அணைத்து ஒரு படம், இரண்டும் குறைந்த ஷட்டர் வேகத்தில். கம்ப்யூட்டரில் பார்த்தால் இரண்டும் கத்தி மாதிரி துல்லியமாக இருந்தன. அவர் கை ஆடினால்தானே வித்தியாசம் தெரிய! செல்வம் அண்ணன் கையும் அப்படித்தான். வேண்டுமென்றே ஆட்டிப் பார்க்கிறேன் என்று அவர் கேமராவை முறத்தைப் போலப் புடைத்ததில் இரண்டு படமும் கஞ்சியாகிவிட்டன. லென்ஸ் சமாளிப்பது தன்னையறியாமல் வருகிற சின்ன நடுக்கத்தை. இந்தப் புடைத்தலை அல்ல. மாரிமுத்துவுக்கு முகம் சிவந்துவிட்டது. “வேலை செய்யுதுண்ணே, ஒங்களுக்குத்தேன் பார்க்கத் தெரியலை” என்றார்.

சார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு கேமராவை என்னிடம் நீட்டினார். மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். கேட்கவா வேண்டும்? தெருக்கோடியில் ஒரு சித்த வைத்தியசாலையின் போர்டு. ‘கை கால் நடுக்கம், நரம்புத் தளர்ச்சிக்குச் சிறந்த சிகிச்சை’ என்று எழுதியிருக்கும். அந்த எழுத்தெல்லாம் என் கண்ணுக்குள் குதியாட்டம் போட்டன. பட்டனைப் பாதி அழுத்தினேன். ‘கிர்ர்.’ யாரோ போர்டை இரண்டு கையால் பிடித்து நிறுத்தியது போல ‘நடுக்கம்’ என்ற சொல் நடுங்காமல் நின்றது. அணைத்தேன், ஆடியது. போட்டேன், நின்றது. “நிக்குது சார்” என்றேன். அந்தக் கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான். இரண்டு படம் எடுத்துக் காட்டினேன். ஒன்றில் போர்டு கலங்கிக் கிடந்தது, மற்றதில் எழுத்துக்கு எழுத்து தெளிவு. மாரிமுத்து படங்களைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். சாரிடம் சொன்னார்: “இந்தப் பிள்ளை கை இம்புட்டு நடுங்குது, அதையே நிறுத்திருச்சுன்னா அப்புறம் என்னண்ணே, அசல் சரக்கு.”

மாடிப்படி ஏறி வந்த ஸ்டெபிலைசர்

அதற்குப் பிறகு நான் கடையின் சோதனை மிஷின் ஆகிவிட்டேன். எந்தக் கையை மறைக்கப் பாடுபட்டேனோ அந்தக் கையையே சார் வருகிறவர்களிடம் பெருமையாகக் காட்டினார். உற்சாகத்தில் படிக்கட்டு ஓரம் ஒரு போர்டும் மாட்டினார்: ‘இங்கு ஸ்டெபிலைசர் செக் செய்து தரப்படும்.’ லென்ஸ் என்ற சொல்லைப் போட மறந்துவிட்டார்.

மறுநாள் விளாங்குடியிலிருந்து ஒரு அம்மா, ஃப்ரிட்ஜுக்கு மாட்டுகிற கனத்த இரும்பு ஸ்டெபிலைசரை இடுப்பில் குழந்தையைப் போல இடுக்கிக்கொண்டு மாடியேறி வந்து கவுன்டரில் தொப்பென்று வைத்தார். “லைட் எரியுது, ஆனா ஃப்ரிட்ஜுக்குக் கரண்டு போக மாட்டேங்குது. பாரு தாயி.” சார் இல்லை. நான்தான் சொல்லியாக வேண்டும். இது கேமரா கடை, இங்கே ஸ்டெபிலைசர் என்றால் கரண்டு சம்பந்தப்பட்டது இல்லை, கை ஆடினால் படம் ஆடாமல் பார்த்துக்கொள்வது என்று எப்படியோ சொல்லி முடித்தேன். கொண்டு வந்த பாவத்துக்காக செல்வம் அண்ணன் அந்தப் பெட்டியைத் திறந்து ஃப்யூஸை மாற்றிக் கொடுத்தார். அந்த அம்மா மறுபடி இடுப்பில் ஏற்றிக்கொண்டு, படியில் கால் வைக்கும் முன் திரும்பினார்: “கை ஆடுனா நிறுத்த மிஷினு வந்துருச்சு. எங்க வீட்டுக்காரரு வாய் ஆடுனா நிறுத்த ஏதாச்சும் வந்தா சொல்லிவிடு தாயி.”

கபடிக்காரன் நிற்கவில்லை

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பாண்டி என்று ஒரு பையன். தோட்டம் துரவு உள்ள குடும்பம். படம் எடுப்பது ஆசைக்கு. எங்களிடம் லென்ஸ் வாங்கிப்போய், ஊரில் சுதந்திர தினத்துக்கு நடந்த கபடிப் போட்டியைப் பொழுது சாயும் நேரத்தில் எடுத்திருக்கிறான். கோபமாகத் திரும்பி வந்தான். “ஸ்டெபிலைசர் செத்துப்போச்சுக்கா. ஒரு பய மூஞ்சி தெரியலை.”

படங்களைப் பார்த்தேன். பாடிப் போகிறவன் புகை மாதிரி இழுபட்டிருந்தான். ஆனால் ஓரத்தில் அசையாமல் நின்ற நடுவரின் கழுத்தில் தொங்கிய விசில் கயிறு முறுக்கு முறுக்காகத் தெரிந்தது. அதைப் பெரிதாக்கிக் காட்டி, “லென்ஸ் உங்க கை ஆடுறதைத்தான் நிறுத்தும், ஆடுகளத்துல ஆடுறவரை நிறுத்தாது. அதுக்கு ஷட்டர் வேகத்தைக் கூட்டணும்” என்றேன். எப்படிக் கூட்டுவது, கூட்டினால் இருட்டடிக்காமல் என்ன செய்வது என்று பேசிக்கொண்டே போனேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை. பின்னால் ஸ்க்ரூ டிரைவர் சத்தம் நின்றுபோயிருந்தது. பாண்டி லென்ஸை வாங்கிப் பையில் போட்டான். கோபம் போயிருந்தது, ஏமாற்றம் போகவில்லை. “அப்ப ஓடுறவன் கால்ல மாட்டுற மாதிரி ஒண்ணு வந்தா எடுத்து வைங்கக்கா, வாரேன்.”

மிஷின் பழுது

தீபாவளிக்குத் துணி எடுக்க ஜனம் மாசி வீதிகளில் நெருக்கியடித்த நாட்கள். திருநகரிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர், கண்மாய்ப் பறவைகளைப் படமெடுத்த பெரிய லென்ஸை விற்கக் கொண்டு வந்தார். கடைக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய சாமான் அது. சார் வழக்கம்போல, “இப்ப பாருங்க எங்க பிள்ளையை” என்று சொல்லி, கேமராவில் மாட்டி என்னிடம் கொடுத்தார்.

கண்ணில் வைத்தேன். வைத்தியசாலை போர்டு அமைதியாக நின்றது. ஸ்டெபிலைசரைப் போட்டேன், நின்றது. அணைத்தேன், அப்போதும் நின்றது. முழங்கை விலாவோடு ஒட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். சாரைப் பார்த்துப் பார்த்து அது எப்போது எனக்கு வந்ததோ! “என்னம்மா, நிக்குதா?” என்றார் சார். “நிக்குது சார். ஆனா எதனால நிக்குதுன்னு தெரியலை. என் கை ஆடலை” என்றேன். செல்வம் அண்ணன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். “போச்சு. மிஷினு ரிப்பேரு.”

பேராசிரியர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். சார் மோவாயைத் தடவினார். “சரி, வச்சிட்டு இங்கிட்டு வாம்மா. தீபாவளி வந்துருச்சு. ஒன் விஷயமா ஒரு முடிவு சொல்லணும்.”

வங்கித் தேர்வு வகுப்பின் வாசல் கண்முன்னே திறந்தது. லென்ஸைக் கவுன்டரில் வைக்கப் போனேன். லென்ஸின் விளிம்பு கண்ணாடியில் பட்டு டகடகவென்று தாளம் போட்டது. “அண்ணே, மேல பேசாதீங்க” என்று செல்வம் அண்ணன் எழுந்தே விட்டார். “பாப்பா, அப்படியே கண்ணுல வை.” வைத்தேன். போர்டு குதித்தது. பட்டனைப் பாதி அழுத்தினேன். ‘கிர்ர்.’ நின்றது. அணைத்தேன், குதித்தது. “நிக்குது சார், லென்ஸ்தான் நிறுத்துது” என்று சொல்லும்போது என் குரலும் சேர்ந்து நடுங்கியது.

லென்ஸைக் கொடுத்துவிட்டுப் பேராசிரியர் படியிறங்கினார். சார் முடிவைச் சொல்லாமல் சௌராஷ்டிரத்தில் தனக்குள்ளே ஏதோ முணுமுணுத்தார். கடைசியில் நானே கேட்டேன், முடிவு என்ன என்று. சார் சங்கடத்தோடு சொன்னார்: “வேலை நிரந்தரம்னு சொல்லத்தாம்மா கூப்பிட்டேன். சொல்லிட்டா இனிமே ஒனக்குக் கை நடுங்காதே, அதேன் யோசிக்கிறேன்.”

சொல்லத்தான் செய்தார், அன்றிலிருந்து பெரிய லென்ஸ் வருகிற போதெல்லாம் சார் என்னை ஒரு முறை வேலையை விட்டு நீக்குவார், நான் ஒரு முறை நடுங்குவேன், லென்ஸ் நல்ல லென்ஸாக இருந்தால் போர்டு ஒரு முறை நிற்கும்.